செருப்பை வாசலில் கழற்றியவர்

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. இதைக் கேட்டு நல்ல மனுசி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எங்கள் கரையில் அது ஒரு வியாதி மாதிரி. கடலுக்குப் போய் வந்தவனிடம் மீன் எங்கே பட்டது என்று கேட்டால், வடக்கே பட்டதைத் தெற்கே என்பான். எவ்வளவு என்றால் பாதியைச் சொல்வான். அதை நாங்கள் சுவாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்வதில்லை. அது பொய் என்றே எங்களுக்குத் தோன்றாது. அப்படியான ஊரில், கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒருவர் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். எனக்கு அவரைக் கண்டால் பயம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது.

நாங்கள் கல்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். கடலும் கோயிலும்தான் ஊர். அக்காவும் எங்களைப்போலப் பிறந்து வளர்ந்தவர்தான். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. கரையில் நாங்கள் கொட்டில் போட்டு வைத்திருந்த கருவாட்டு வாடியில் மீன் கீறி உப்புப் போடுகிற வேலை செய்தார். சண்டை முடிந்த அடுத்த வருஷம், மதுரங்குளிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு பாஸ்டரின் ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தார். பிறகு தன் வீட்டுப் பின்வளவிலேயே தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார். புதன்கிழமை பின்னேரம் பாட்டும் கைதட்டலும் கேட்கும்.

அன்றிலிருந்து அவருக்கு ஊரில் பெயர் இல்லை. அல்லேலூயாக்காரி, அவ்வளவுதான்.

அல்லேலூயாக்காரரைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். ஒருவரையும் கிட்ட நின்று பார்த்ததில்லை, ஆனால் எல்லாம் தெரியும். பால்மாப் பெட்டிக்கு வேதம் மாறுவார்கள். வெளிநாட்டிலிருந்து டொலர் வரும். காதுத் தோட்டைக் கழற்றிப் பாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். அந்தோனியார் சொரூபத்தைக் கொண்டுபோய்க் கடலில் போடுவார்கள். பிள்ளைகளின் தலையில் கை வைத்து மயக்குவார்கள். நானும் இதையெல்லாம் சொன்னேன். மீன் கீறுகிற இடத்தில் இருந்துகொண்டு அவர் காதுபடச் சொன்னேன்.

ஒருநாள் மற்றப் பெண்களுக்குச் சிரிப்புக் காட்டுவதற்காக நேரே கேட்டேன்.

“அக்கா, பால்மா தந்தாங்களாமே?”

“ஓம் தங்கச்சி. ரெண்டு பெட்டி. நல்ல பால்மா.”

“அப்ப அதுக்குத்தான் மாறினீங்க.”

“இல்ல. மாறி நாலு மாசத்துக்குப் பிறகுதான் தந்தாங்க. முந்தியே தந்திருந்தா முந்தியே குடிச்சிருப்பன்.”

பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அக்கா கத்தியைக் கழுவிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். தோட்டைப் பற்றியும் கேட்டேன். பாஸ்டர் சொன்னதால் கழற்றியதாகவும், மனசு இல்லாமல்தான் கழற்றியதாகவும், இன்னும் விடிந்தால் கை காதுக்குப் போவதாகவும் சொன்னார். தோடு எங்கே என்றால், அலுமாரியில் என்றார். பாஸ்டர் வாங்கிக்கொண்டு போகவில்லையா என்றேன். அவர் ஆம்பிளை, அவருக்கு எதற்குத் தோடு என்றார்.

என் மாமியாரிடமும் இப்படித்தான். மாமிக்கு வருத்தம் கூடிப் படுத்திருந்த நேரம் அக்கா பார்க்க வந்தார். மாமி அவரைச் சீண்டவென்று, நான் மோட்சத்துக்குப் போவேனா, உங்கட ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

“எங்கட ஆக்கள் போகமாட்டீங்க எண்டுதான் சொல்றாங்க மாமி. எனக்குத் தெரியாது. உங்கள விட்டுட்டு நான் மட்டும் போய் அங்க ஆரோட கதைக்கிற?”

மாமி இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் அவருக்குக் கஞ்சி கொடுத்தனுப்பச் சொன்னார்.

இதெல்லாம் சிரிப்பு. பயம் நேவிக்காரர் வந்த நாளில் தொடங்கியது. அந்த வருஷங்களில் கரையில் நேவிக்காரர் அடிக்கடி வந்து வலை பார்ப்பார்கள். கண்ணாடி மாதிரி நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலை தடை. எல்லா வாடியிலும் இருந்தது, எங்கள் வாடியிலும் இருந்தது, கிடுகுக்கு அடியில். வந்த அதிகாரி ஆண்கள் எல்லாரிடமும் சிங்களத்தில் கேட்டான். எல்லாரும் இல்லை என்றார்கள். கடைசியாக, சும்மா போகிற போக்கில், உப்புக் கையோடு நின்ற அக்காவிடம் கேட்டான்.

“தியெனவா, மாத்தயா,” என்றார் அக்கா. இருக்கிறது ஐயா என்று.

எங்கே என்று கேட்டான். அதையும் சொன்னார்.

வலை போனது. என் புருஷன் ஒரு கிழமை நேவிக் காம்புக்கும் பொலிசுக்கும் நடந்தார். அன்று பின்னேரமே அக்கா எங்கள் வேலிப் படலையில் வந்து நின்று, நான்தான் சொன்னேன், கேட்டார்கள், சொல்லிவிட்டேன், நாளைக்கு வேலைக்கு வரவா வேண்டாமா என்று கேட்டார். என் புருஷன் நல்ல கோபக்காரர். ஆனால் வரச் சொல்லித் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்: “இந்த மனுசிக்கு முன்னால ஒண்டையும் செய்யப்படாது. கேட்டா சொல்லிப்போடும்.”

கேட்டால் சொல்லிவிடும். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் மீனவர் சங்கத் தலைவர் கோயில் முற்றத்தில் நின்று ஒரு கட்டளை போட்டார். அல்லேலூயாக் கொட்டிலுக்குப் போகிற வீட்டுக்குக் கரையில் இடமில்லை. வள்ளம் இழுத்து வைக்க இடமில்லை, வாடி போட இடமில்லை. பங்குச் சுவாமியார் குனிந்துகொண்டு போனார். என் புருஷன் அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்றார். எங்களுக்கு அந்த வாடியை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் என் சின்ன மகளுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. ஆறு வயது. கண் செருகிப் பல் கிட்டி விழுவாள். புத்தளம் ஆசுபத்திரியில் மருந்து தந்தார்கள். தலவில கோயில் அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தேன், முழங்காலில் நடந்தேன். நிற்கவில்லை. ஒரே நாளில் நாலு தரம் வந்தது. பெற்றவளுக்கு அந்த நேரம் கட்டளையும் தெரியாது, கரையும் தெரியாது. ஒரு புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் அக்காவின் கொட்டிலுக்குப் போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம். கோயில் வாசலில் நூறு சோடி கிடந்தாலும் யார் உள்ளே, யார் வரவில்லை என்று சொல்வார்கள். அந்தக் கொட்டில் வாசலில் எப்போதும் ஒரே ஒரு சோடிதான் கிடக்கும். அக்காவின் நீலச் செருப்பு. அதனால் அங்கே ஒருவரும் போவதில்லை, தனியாக இருந்து பாடிக் கைதட்டுகிறது பைத்தியம் என்று நாங்கள் சொல்வோம்.

உள்ளே போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் ஊர்ப் பெண்கள். எல்லாருடைய மடியிலும் ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பை. பைக்குள் செருப்பு.

ஓரத்தில் சங்கத் தலைவரின் மனைவி. என்னைக் கண்டதும் முந்தானையை முகத்தில் இழுத்தார். நானும் இழுத்துக்கொண்டேன். நானும் ஒரு பையோடுதான் போயிருந்தேன். எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பயம் எல்லாருக்கும் ஒரே பாடத்தைத்தான் படிப்பிக்கும்.

பாஸ்டர் அன்று பிந்திவிட்டார். அக்காதான் ஜெபம் செய்தார். மயக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. என் பிள்ளையின் தலையில் கை வைத்து, ஆண்டவரே இந்தப் பிள்ளை விழுகிற நேரம் தலை கல்லில் படாமல் பார்த்துக்கொள்ளும் என்றார். அவ்வளவுதான். சுகமாகுமா என்று கேட்டேன். “தெரியாது தங்கச்சி. மருந்த நிப்பாட்டாத,” என்றார்.

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. தலைவர் என்று ஒருத்தி சொன்னாள். கிடுகைப் பிரித்துக்கொண்டு பின்பக்கத்தால் ஓடினோம். தாழம்பற்றைக்குள்ளால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கால் முழுக்க முள். வந்தது பாஸ்டர் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினேன். மூன்று செருப்பு இருந்தது. என்னுடையது இரண்டு. பிள்ளையுடையது ஒன்று.

மற்றது அங்கே.

அந்தச் செருப்பின் வார் அறுந்து, என் புருஷன் வலை நூலால் கட்டிக் கொடுத்திருந்தார். எங்கள் கரையில் ஒவ்வொரு வாடிக்கும் கிழிந்த வலை பொத்துகிற நூல் ஒவ்வொரு நிறம். வலைகள் சிக்கிக்கொண்டால் யாருடையது என்று பிரிப்பதற்கு. செம்மஞ்சள் நூல் எங்கள் வாடிக்கு மட்டும்தான். அந்தச் செருப்பைக் கையில் எடுக்கிற யாருக்கும் பெயர் எழுதி வைத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை வேலியடியில் மெல்லக் கூப்பிட்டேன். அக்கா, செருப்பு என்றேன்.

“ஓம், கிடக்கு. எடுத்து வச்சிருக்கிறன்,” என்றார். சத்தத்தைக் குறைக்கவும் அவருக்கு வராது. றோட்டில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, ஆரும் கேட்டா சொல்லிப்போடாதீங்க. உங்களக் கும்பிடுறன்.”

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

“கேட்டா நான் என்ன சொல்ற? பொய் சொல்லமாட்டனே.”

றோட்டில் போனவன் நின்று சைக்கிள் செயினைச் சரிபார்க்கத் தொடங்கினான். நான் செருப்பைக் கேட்காமலே உள்ளே ஓடிவிட்டேன். பிள்ளைக்கு வலிப்பு வந்த நேரத்தைவிட அந்த இரண்டு நாள் கூடுதலாகப் பயந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் நேரே அக்காவின் வளவுக்குப் போனது. வெளியூரார் ஒருவரும் இல்லை. எல்லாம் எங்கள் சனம். பூசைக்கு உடுத்த உடுப்போடுதான் போனோம். போகாமல் வீட்டில் நின்றால் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். அதனால் நானும் போனேன். என் புருஷனும் வந்தார். கொட்டிலில் வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

அக்கா கொட்டில் வாசலில் நின்றார். நீலச் செருப்பு வழக்கமான இடத்தில் கிடந்தது. இரண்டு பொடியன்கள் உள்ளே போய்ப் பாயையும் கதிரைகளையும் தூக்கி எறிந்தார்கள். ஒருவன் ஒற்றைச் செருப்போடு வந்தான். சின்னச் செருப்பு. தலைவரிடம் கொடுத்தான்.

தலைவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நான் நூலைத் தேடினேன்.

நூல் இல்லை. வார் அறுந்து தொங்கியது.

“இது ஆருட செருப்பு?” என்றார் தலைவர்.

“ஒரு பிள்ளையிட.”

“எந்த வீட்டுப் பிள்ள?”

“தெரியும். சொல்லமாட்டன்.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கடலில் ஒதுங்கி வந்தது, பொறுக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளையே அப்படிச் சொல்லும். கூட்டத்துக்குள்ளிருந்து வயதான ஒருவர் இரக்கப்பட்டு, ஒருவரும் இங்கே வரவில்லை என்று ஒரு சொல் சொல்லு, எல்லாரும் போகிறோம் என்றார். அது உண்மையாகவே நல்ல வழி. கொட்டிலுக்குப் போய் வந்த பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சொல்லு அக்கா, சொல்லித் தொலை என்று என் மனசு கத்தியது.

“வந்தாங்களே,” என்றார் அக்கா.

ஆட்கள் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். புருஷன்மார் பெண்சாதிமாரைப் பார்த்தார்கள். தலைவர் கிட்டப் போய், யார் வந்தது, பெயரைச் சொல் என்றார். அக்கா அவரை நேரே பார்த்தார்.

“தலைவர், அத மட்டும் கேளாதீங்க.”

தலைவரின் முகம் வெளிறியது. அவருக்கும் தன் வீட்டுக் கதை தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் விரல்கள் என் கையைப் பிடித்திருந்தன. எப்போது பிடித்தார் என்று தெரியாது. நகம் இறங்கியிருந்தது. இன்னொரு கேள்வி, இன்னும் ஒரே ஒரு கேள்வி வந்தால் முடிந்தது.

அப்போது ஒருத்தி கத்தினாள்.

“பால்மாவுக்கு வேதத்த வித்தவளோட என்ன கதை? இவளுட வாயில வாறதெல்லாம் பொய். உடையுங்க!”

அது நான்தான்.

இவள் வாயில் வருவதெல்லாம் பொய் என்று சொன்னேன். ஊரில் எல்லாரையும் விட்டு, அந்த மனுசியைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு முதல் கிடுகை நானே இழுத்தேன். இரண்டாவது கிடுகைத் தலைவரின் மனைவி இழுத்தார். பிறகு மற்றப் பெண்கள். ஆண்கள் பிறகுதான் கை வைத்தார்கள். யார் கூடச் சத்தம் போட்டார்கள் என்று எண்ணினால், யார் யார் உள்ளே இருந்தவர்கள் என்று யாரும் சொல்லியிருக்கலாம். எண்ணுவதற்கு ஒருவருக்கும் விருப்பமில்லை.

யாரோ தள்ளியதில் அக்கா விழுந்தார். விழுகிற ஆள் கையை ஊன்றும். அவர் ஊன்றவில்லை. வலது கையைப் பொத்திப் பிடித்தபடி முழங்கையில் விழுந்தார். ஒருவன் காலால் உதைத்தான். கை திறக்கவில்லை. நான் கிடுகோடு அவருக்குக் கிட்ட நின்றேன். பொத்திய விரல்களுக்கு இடையால் ஒரு நுனி வெளியே தெரிந்தது.

செம்மஞ்சள் நூல். கூட்டம் வருகிறதைக் கண்டதும் பல்லால் கடித்துப் பிடுங்கியிருக்க வேண்டும். உதட்டில் இரத்தம் இருந்தது. அது விழுந்த இரத்தமா, நூல் அறுத்த இரத்தமா என்று எனக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் செருப்பு எங்கள் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கான வேலையைச் செய்து வைத்திருந்தார். அதற்கு மேல் அவரால் முடியாது, முடியாததை அவர் செய்யவும் இல்லை.

பொலிஸ் பின்னேரம் வந்து, கூட்டம் நடத்த அனுமதி இருக்கிறதா என்று அக்காவிடம்தான் கேட்டது. இல்லை என்றார்.

மூன்று நாள் கழித்து ஊரை விட்டுப் போனார். போகிற அன்று காலை, ஒரு பையோடு எங்கள் வேலியடியில் நின்றார். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். தலைவரின் தங்கச்சி தேங்காய் வாங்க வந்து பக்கத்தில் நின்றாள்.

“பிள்ளைக்கு இப்ப எப்படி?” என்றார் அக்கா.

“எந்தப் பிள்ளைக்கு?” என்றேன் நான்.

அவர் தலையை ஆட்டினார். விளங்கியது என்கிற மாதிரி. கோபம் இருந்ததா என்று முகத்தில் தேடினேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கப் பயம். பஸ்ஸுக்கு நடந்தார். எங்கே போனார் என்று தெரியாது. பிறகு ஒருவன் சிலாபத்தில் கண்டதாகச் சொன்னான், இன்னொருவன் செத்துப் போனதாகச் சொன்னான். இரண்டையும் நான் நம்பவில்லை, எங்கள் ஊரார் சொன்னது.

பிள்ளைக்குச் சுகம். ஆசுபத்திரியில் மருந்தை மாற்றினார்கள், மெல்ல மெல்ல நின்றது. மருந்தா ஜெபமா என்று என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது. இந்த ஒரு கேள்விக்காவது அக்கா மாதிரிப் பதில் சொல்கிறேன்.

அந்தக் கிழமையே பிள்ளைக்குச் செருப்பு வாங்க மதுரங்குளிக்குப் போனேன். செருப்பிலிருந்து வலை நூல் வரைக்கும் விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை. அவர் செருப்பைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“உங்கட ஊர்ல என்ன புள்ள விசேஷம்? மூணு நாளா உங்கட ஊர்ப் பொம்புளயள் செருப்பு வாங்க வந்த வண்ணம். பழசு நல்லாத்தானே இருக்குண்டு கேட்டா ஒருத்தரும் பேசுறாங்க இல்ல.”

விசேஷம் ஒன்றும் இல்லை நானா, திருநாள் வருகிறது என்றேன். திருநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. தலைக்கு மேலே, கூரை வளையில், செம்மஞ்சள் நூற்கண்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்தேன். என் புருஷன் வாடியில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊசியில் பச்சை நூல். பழைய செம்மஞ்சள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“செம்மஞ்சள் கடையில முடிஞ்சு போச்சாம்.”

“ஓம்,” என்றேன்.